கடைசியாக ஓடி வருகிறவர்கள்

1

என் மனைவி மனோன்மணியின் முதலாண்டுத் திவசத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, அமீரகத்தில் இருக்கும் எங்கள் ஊரவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மரண அறிவித்தல் வந்தது. சிவபாதத்தின் மனைவி புவனேஸ்வரி யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார். கிரியைகள் அங்கேயே நடக்கும். துக்கம் விசாரிக்க விரும்புகிறவர்கள் சிவபாதத்தைத் துபாய் கராமாவில் இன்ன கட்டடத்தில் இன்ன அறையில் சந்திக்கலாம் என்று யாரோ எழுதியிருந்தார்.

அபுதாபியின் மேற்குக் கோடியில் இருக்கும் ருவைஸில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி இதைப் படித்தேன். பெட்டியை மூடி வைத்தேன். முதலில் எழுந்தது கசப்புத்தான். சொந்த மனைவியின் இறுதிக் கிரியைக்கே ஊருக்குப் போகாமல் கராமாவில் இருந்துகொண்டு துக்கம் கேட்கிற மனிதர், போன வருடம் என் மனைவியின் சாவுக்கு வராததில் என்ன ஆச்சரியம் என்று எண்ணினேன்.

சிவபாதம் எனக்கு யாரோ அல்லர். ருவைஸ் குடியிருப்பில் நெடுங்காலம் எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரே ஒரு சுவர் இருந்தது. நான் ஆலையின் குழாய்களில் அரிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறவன். அவர் ஓர் ஒப்பந்தக் கம்பனியின் கணக்காளர். எங்கள் மகன் நிரூபனுக்கு முதன்முதலில் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர் அவர்தான். அம்மியும் உரலும் இல்லாத அந்த வீடுகளில் மனோன்மணியும் புவனேஸ்வரியும் ஒரு கிரைண்டரைப் பொதுவாக வைத்துக்கொண்டு, ஒரு கிழமை இங்கே, மறு கிழமை அங்கே என்று மாற்றிக்கொண்டார்கள். பிறகு அவருடைய கம்பனி அவரைத் துபாய்க்கு மாற்றியது. புவனேஸ்வரி தாயைப் பார்க்க ஊருக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். தொலைபேசி அழைப்புகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று சுருங்கின.

எங்கள் பக்கத்தில் உறவு முழுவதும் ‘நன்மை தீமை’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கலியாணத்துக்கு வராவிட்டால் காரணம் கேட்பார்கள். செத்த வீட்டுக்கு வராவிட்டால் காரணமும் கேட்கமாட்டார்கள். அவர்கள் வீட்டுத் தீமைக்கு நாங்கள் போகாமல் விடுவதோடு கணக்குச் சரியாகும். உண்மையில் சரியாவதில்லை. இரண்டு தலைமுறை கழித்து, ஏன் பேச்சில்லை என்று தெரியாத பிள்ளைகள் பேருந்து நிலையத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அன்று மாலை நிரூபன் துபாயிலிருந்து அழைத்தான். செய்தியைப் பார்த்திருந்தான்.

“போவமா அப்பா?”

“இல்லை.”

“ஓகே,” என்றான். என் மகன் ‘ஓகே’யைப் பல விதமாகச் சொல்வான். இது, கதவை மெதுவாகச் சாத்துகிற ஓகே.

2

மனோன்மணி ருவைஸ் வைத்தியசாலையில் இறந்தாள். பிணவறையின் வெளிவாயிலில் ஒவ்வொருவரும் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அந்தக் காலையில் வந்தவர்களின் அட்டைகளை நானே வாங்கி, அடுக்கி, காவலரிடம் கொடுத்தேன். மரணச் சான்றிதழ், தூதரகக் கடிதம், பொலிஸ் அனுமதி, தகனத்துக்காக வேறு நகரத்துக்குக் கொண்டுபோக இன்னோர் அனுமதி. தாள்களைச் சேர்ப்பதில் நான் பழகியவன். அன்று அந்தப் பழக்கம் எனக்கு உதவியது என்றே சொல்லவேண்டும். கைகளுக்கு வேலை இருந்தது.

பெட்டியை வாகனத்தில் ஏற்ற நான்கு பேர் வேண்டும். கிழமை நாள், காலையில் வந்த மற்றவர்கள் அதற்குள் பணிக்குத் திரும்பியிருந்தார்கள். தலைமாட்டில் இடப்பக்கம் நிரூபன், வலப்பக்கம் நான். கால்மாட்டில் வலப்பக்கம் என்னோடு வேலை செய்யும் ஒரு மலையாளி. நான்காவது கைபிடிக்கு ஆள் இல்லை. நாங்கள் சற்று நேரம் நின்றோம். நான் வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாகனத்தின் சாரதி, பெஷாவர்க்காரர், சிகரெட்டை அணைத்துவிட்டு வந்து அந்தக் கைபிடியைப் பிடித்தார். அந்த இடம் யாருடையது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு சிவபாதத்திடமிருந்து ஓர் அழைப்போ, ஒரு வரிச் செய்தியோ வரவில்லை. நானும் அழைக்கவில்லை.

மனோன்மணியின் விசாவை ரத்துச் செய்யப் போனபோது, அரசு விண்ணப்பங்களை நிரப்பித் தரும் டைப்பிங் சென்டரில் இருந்த பெண், ரகசிய எண் ஒன்று வந்திருக்கும், சொல்லுங்கள் என்றாள். என் தொலைபேசிக்கு எதுவும் வரவில்லை. எண் மனோன்மணியின் தொலைபேசிக்குப் போயிருந்தது. வீட்டுக்குத் திரும்பி, அதற்கு மின்னேற்றி, திரையில் அவள் பேரக்குழந்தைபோல் வளர்த்த கறிவேப்பிலைச் செடியின் படம் தெளிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண் காலாவதியாகிவிட்டது. மறுநாள் இரண்டு தொலைபேசிகளோடும் போனேன். அவளை இந்த நாட்டிலிருந்து நீக்குவதற்கான அனுமதியை அவளிடமே கேட்டார்கள், அவளும் கொடுத்தாள்.

3

நிரூபன் பேஸ்போல் ஆடுகிறவன். இதைச் சொன்னால் ஊரில் எல்லோரும் கிரிக்கெட் என்றே திருத்திக்கொள்வார்கள். அவன் சிறுவனாக இருந்தபோது ஆலையில் இருந்த அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு பேஸ்போல் குழு நடத்தின. ஆள் குறைவென்று இவனையும் சேர்த்தார்கள். இன்று அவன் துபாயில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் வேலை செய்கிறான். குளிர்காலத்தில், இங்கே புதிதாகத் தொடங்கியிருக்கும் தொழில்முறைத் தொடரில், இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கென்று ஒதுக்கிய சில இடங்களில் ஒன்றில் பந்தெறிகிறான். மற்றவர்கள் கடல் கடந்து வந்தவர்கள்.

திவசமும் ஆட்டமும் ஒரே நாளில் வந்தன. காலையில் கிரியை, பகலில் ஆட்டம் என்று அவனே ஒழுங்கு செய்தான். குழுவின் பயிற்சியாளரிடம், அம்மாவுக்கு ‘ஆனிவெர்சரி’, தாமதமாக வருவேன் என்று சொன்னானாம். பயிற்சியாளர் அவன் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். திருத்த நேரமிருக்கவில்லை என்றான். என்னால் சிரிக்க முடியவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை.

கிரியை அவனுடைய அடுக்குமாடி வீட்டில் நடந்தது. ஐயர் சொல்லச் சொல்ல, தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்திருந்ததைப் பார்த்து அவன் சொன்னான். உச்சரிப்பில் பல பிழைகள். தாயின் பெயரை மட்டும் பார்க்காமல் சொன்னான். பின்னர் எள்ளும் தண்ணீரும் பட்ட கைகளைத் துடைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கான பையைத் தூக்கினான். ருவைஸுக்கு வெறும் வீட்டுக்குத் திரும்பும் மனம் எனக்கும் இல்லை. அவனோடு போனேன்.

4

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரு விளக்கம். பேஸ்போலில் பந்து தரையில் குத்தாமல் நேரே வரும். அது அடிப்பவரின் உடம்பில் பட்டால் அவருக்கு முதல் தளம், அதாவது ஓட்டத்தின் முதல் நிறுத்தம், இலவசம். விதிப்புத்தகம் அத்தோடு நிற்கிறது. ஆனால் ஆடுகிறவர்களிடம் எழுதாத வேறொரு சட்டம் இருக்கிறது. எங்கள் ஆளுக்கு வேண்டுமென்றே எறிந்தால், உங்கள் ஆள் ஒருவருக்கு எங்கள் பந்தெறிபவர் திருப்பி எறிவார். தலைக்கு எறியக்கூடாது, இடுப்புக்குக் கீழே, தொடையில்தான். அடிபட்டவர் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கக்கூடாது. தடவினால் எறிந்தவருக்கு வெற்றி. சண்டை மூண்டால் இரு பக்கத்திலும் ஒருவர் மிச்சமில்லாமல் மைதானத்துக்குள் ஓடவேண்டும். கோபம் இருக்கிறதா என்பது கேள்வியில்லை.

பார்வையாளர்கள் மிகக் குறைவு. எனக்குப் பக்கத்தில் முல்தானைச் சேர்ந்த ஒரு கிரேன் இயக்குநர் இருந்தார். விடுமுறை நாள், நுழைவு இலவசம், வெயில் இதமாக இருக்கிறது, வந்தேன் என்றார். தொடக்கத்திலேயே எதிரணி எறிந்த பந்தொன்று நிரூபனின் அணி ஆள் ஒருவரின் முழங்கைக்கு மேலே பட்டது. அவர் தடவவில்லை. எறிந்தவரைப் பார்த்தபடி முதல் தளத்துக்கு நடந்தார். “அங்கிள், யே நோ-பால் ஹை நா?” என்று முல்தான்காரர் என்னைக் கேட்டார். இந்த ஆட்டத்தில் நோ-பால் கிடையாது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை.

ஆட்டத்தின் பிற்பகுதியில் நிரூபனை அழைத்தார்கள். மாற்றுப் பந்தெறிபவர்கள் மைதானத்தின் தூரக் கோடியில், வேலிக்கு அப்பால் ஒரு கொட்டகையில் காத்திருப்பார்கள். அங்கிருந்து அவன் தனியாக நடந்து வந்தான். அவன் நடை தாயின் நடை. காலையில் எள் இறைத்த கையால் பந்தை வாங்கிக்கொண்டான். பந்து பிடிப்பவர் வந்து, கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு எதையோ சொன்னார். நிரூபன் தலையசைத்தான்.

முதல் பந்து நேரே எதிராளியின் தொடைக்குப் போனது. அந்தச் சத்தம் நாங்கள் இருந்த இடம்வரை கேட்டது. கை தவறிப் போனதல்ல என்பது எனக்கே தெரிந்தது. அடிபட்டவர் மட்டையைப் போட்டுவிட்டு இரண்டு அடி முதல் தளத்தை நோக்கி வைத்தார். பிறகு திரும்பி என் மகனை நோக்கி நடந்தார். உடனே இரண்டு அணிகளும் உள்ளே பாய்ந்தன. யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாத ஒரு குவியல். அதற்குள் நிரூபனின் தொப்பியைத் தேடினேன், காணவில்லை. நான் எழுந்து நின்றிருந்தேன் என்பது முல்தான்காரர் என் கையைப் பிடித்தபோதுதான் தெரிந்தது.

அப்போது தூரக் கோடியின் வேலிக் கதவுகள் திறந்தன. இரு அணிகளின் கொட்டகைகளிலிருந்தும் மாற்றுப் பந்தெறிபவர்கள் ஓடி வந்தார்கள். மைதானம் பெரியது. அவர்கள் ஓடி முடிப்பதற்குள் நடுவர்கள் ஆட்களைப் பிரித்துவிட்டார்கள். கடைசியாக வந்தவர் முழங்காலில் கட்டுப்போட்ட ஒரு பருத்த மனிதர். அவர் வந்து சேர்ந்தபோது பிடிப்பதற்கு எவரும் இருக்கவில்லை. சுற்றிப் பார்த்தார். எதிரணியில் தன்னைப்போலவே பிந்தி வந்த ஒருவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். “லோ, மோட்டா பாயி பீ ஆ கயா,” என்று முல்தான்காரர் சிரித்தார். தடியண்ணனும் வந்து சேர்ந்துவிட்டாராம்.

நிரூபனை நடுவர் வெளியே அனுப்பினார். அவன் எதிர்வாதம் செய்யவில்லை.

5

அவனை வாகனத் தரிப்பிடத்தில் சந்தித்தேன். தலை ஈரமாக இருந்தது. நெற்றியில் ஒரு சிராய்ப்பு.

“இண்டைக்கு அம்மாவின்ரை திவசம்,” என்றேன். “இண்டைக்கும் ஒருத்தனுக்கு எறியத்தான் வேணுமோ?”

“அவனுக்கு ஒண்டுமில்லை அப்பா. தொடையிலைதான். அவன் எனக்கு மெசேஜ்கூடப் போட்டிட்டான்.” திரையைக் காட்டினான். ஒரு சிரிப்பு முகமும், இனி உன் முறை என்ற பொருளில் ஒரு வசையும் இருந்தன. “அவையின்ரை ஒண்டு, எங்கடை ஒண்டு. ஈவன். நாளைக்கு ஒண்டாச் சாப்பிடுவம்.”

ஆலையில் பயிற்சி வகுப்பு எடுக்கிறவனின் குரலில், எல்லாப் பகையும் அப்படி ஒன்றுக்கொன்றாக முடிவதில்லை, அடுத்த வருடமும் தொடர்கிறவை உண்டு என்று சொன்னேன். உண்டு என்று ஒப்புக்கொண்டான். காரில் ஏறினோம். பிறகு, என்னை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அந்தத் தூரத்திலிருந்து ஓடி வந்தவர்கள், எல்லாம் முடிந்த பிறகு வந்து என்ன செய்கிறார்கள்?

“ஒண்டும் செய்யேலாது. வந்து நிப்பினம்.”

“பிறகேன் ஓடுவான்?”

“வராமல் விடேலாது அப்பா. வராட்டி ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். ஆனா மறக்கமாட்டினம்.” சாவியைத் திருகினான், இயந்திரத்தை முடுக்கவில்லை. “சிவபாதம் மாமா ஏன் வரேல்லை எண்டு நீங்கள் அவரை ஆஸ்க் பண்ணினீங்களோ?”

“இல்லை.”

எச்சரிக்கை விளக்கு எரிந்தும் திறந்து பார்க்காத ஒரு குழாயைப் பற்றி என்னோடு வேலை செய்கிறவர் எவராவது அப்படிப் பதில் சொல்லியிருந்தால், அவரை நான் என்னிடம் வைத்திருக்கமாட்டேன். காரின் கண்ணாடிக்கு வெளியே மாலை வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வெளியே அனுப்பப்படாமல் இருந்திருந்தால் அவன் இந்நேரம் உள்ளே இருந்திருப்பான்; நான் ருவைஸுக்குப் பேருந்து பிடித்திருப்பேன்.

“கராமாவுக்கு விடு,” என்றேன்.

6

கட்டடம் பழையது. கீழே ஓர் உணவகம்; படிக்கட்டு முழுவதும் சாம்பார் வாசனை. கதவைத் திறந்தவர் ராமநாதபுரத்துக்காரர். “வாங்க சார். அண்ணே ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல, நீங்களாச்சும் சொல்லுங்க,” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வெளி நடைக்குப் போய்விட்டார்.

இரண்டடுக்குக் கட்டில்கள் மூன்று. ஒன்றின் கீழ்த்தட்டில் சிவபாதம் இருந்தார். ஒரு கம்பனியின் கணக்குப் பகுதியையே நடத்தியவர். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டையில் நான் கண்டவர், சாரத்துடனும் பனியனுடனும், சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார். எதிரே அரிசித் தகரத்தில் சாய்த்துவைத்த தொலைபேசியில் புவனேஸ்வரியின் இறுதிக் கிரியை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எடுத்து அனுப்பிய பதிவு. எங்களைக் கண்டதும் அதை நிறுத்தினார். படம் பந்தலைத் தாங்கும் ஒரு கப்பில் நின்றது.

“வாரும்,” என்றார். “இருமன். தம்பி, நீயும் இரு.”

எதிர்க் கட்டிலில் இருந்தோம். தலை மேல்தட்டில் இடித்தது. அவருடைய மனைவியைப் பற்றி நான் ஆயத்தம் செய்துகொண்டு வந்திருந்த இரண்டு வாக்கியங்களும் அந்த அறைக்குப் பொருந்தவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

“நான் வந்தனான், ஐசே. உம்மடை மனுசியின்ரை அண்டைக்கு. பஸ்ஸிலை ருவைஸ் மட்டும் வந்தனான். ஆஸ்பத்திரிக் கேற்றிலை ஐடி காட்டைக் கேட்டாங்கள். என்ரை காட் முடிஞ்சு கனகாலம். உள்ளை விடேல்லை.”

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொன்னார். கம்பனி மூடப்பட்டு, முதலாளி நாட்டைவிட்டுப் போய்விட்டார். பணமில்லாமல் திரும்பிய காசோலைகளில் இருந்த கையெழுத்து இவருடையது. வழக்கு முடியும்வரை கடவுச்சீட்டு நீதிமன்றத்தில். வேலை இல்லாதபடியால் விசா இல்லை; விசா இல்லாதபடியால் அட்டை இல்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. புவனேஸ்வரிக்கும் கடைசிவரை தெரியாது. லீவு கிடைக்கவில்லை என்றே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வாசலிலை நிண்டு ஒரு கோல் எடுத்திருக்கலாமே,” என்றேன்.

“பிரேதத்துக்குப் பக்கத்திலை நிக்கிற மனிசனைக் கேற்றடிக்குக் கூப்பிடுறதோ?” அவர் குரலில் கோபமில்லை, ஒரு கணக்கை விளக்குகிற நிதானம். “சரி, பிறகு எண்டு பாத்தால், ஒரே நாட்டிலை இருந்துகொண்டு போனிலை துக்கம் கேக்கிறதோ? அதைவிடப் பேசாமல் இருக்கலாம் எண்டு இருந்திட்டன். ரோட்டுக்கு அங்காலை நிண்டு உங்கடை வாகனம் போறதைப் பாத்தனான்.”

அந்தக் காலையில் அட்டைகளை அடுக்கிக் கொடுத்தபோது அந்த வாயிலுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். என் கை எட்டாத தூரமில்லை. ராமநாதபுரத்துக்காரர் தேநீர் கொண்டுவந்தார். குடித்தோம். புவனேஸ்வரிக்குக் கடைசியில் மூச்சு எடுப்பதுதான் கரைச்சலாக இருந்ததாம். மகள் பக்கத்தில் இருந்தாளாம்.

செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படும் வழக்கம் எங்களுக்கில்லை. சொல்லாமலே எழுந்து படி இறங்கத் தொடங்கினோம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சிவபாதம் மேல்படியில் நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் கைபிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

“ஐசே, ஒரு விசயம். பெட்டி தூக்கினதிலை நானும் ஒராள் எண்டுதான் என்ரை மனுசிக்குச் சொன்னனான். இவள் அதை அங்கை கனபேருக்குச் சொல்லியிருப்பாள். ஆரும் உம்மைக் கேட்டால்...”

அவர் முடிக்கவில்லை. நிரூபன் எனக்கு இரண்டு படி கீழே நின்று நிமிர்ந்து பார்த்தான்.

“இடப்பக்கம், கால்மாடு,” என்றேன். “நீர்தான் பிடிச்சனீர். நிரூபனுக்குப் பின்னாலை.”

சிவபாதம் அவனைப் பார்த்தார்.

“ஓம் மாமா,” என்றான் என் மகன். “எனக்குப் பின்னாலை நீங்கள்தான்.”